ஆடாத சுடர்

சத்தூரியோ செத்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. அவரைப் புதைத்து இரண்டு மணி நேரம்.

புதைத்து முடித்ததும் கல்லறை வாசலில் அவருடைய தம்பி மில்யான், எங்கள் ஒயின் ஆலையின் மேஸ்திரி எலாதியோவை மண்வெட்டிப் பிடியால் வாயில் அடித்தான். ஒரு பல் விழுந்தது. எலாதியோ குனிந்து அதை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். திருப்பி அடிக்கவில்லை. செத்தவரின் தங்கையைத்தான் அவர் கட்டியிருந்தார். அவள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமையிலிருந்து அவரை வீட்டுக்குள் விடவில்லை.

"மெழுகுவத்தி ஏத்தாம எங்க அண்ணனைத் தொட்டிக்குள்ள இறக்கிட்ட மச்சான். இன்னும் முப்பத்தொரு பல்லு இருக்கு உனக்கு. நான் எண்ணிக்கிட்டேதான் இருப்பேன்" என்றான் மில்யான்.

"ஏத்தினேன். அணையல" என்றார் எலாதியோ. வார்த்தையோடு ரத்தமும் வந்தது.

மூன்று நாளாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் ஒருவரும் நம்பவில்லை.

ஒயினை வடித்த பிறகு தொட்டியின் அடியில் திராட்சைச் சக்கை தங்கும். ஒரு ஆள் உள்ளே போய் அதை வாரி வெளியே தள்ள வேண்டும். வடித்த பிறகும் சக்கையிலிருந்து கரியமில வாயு வந்துகொண்டே இருக்கும். பார்க்க முடியாது, முட்டி உயரத்தில் தேங்கி நிற்கும். அதனால் எங்கள் ஊரில் முதலில் ஒரு மெழுகுவத்தியைக் கம்பியில் கட்டி உள்ளே விடுவார்கள். அது அணைந்தால் ஆள் போகக் கூடாது. நான் வேதியியல் முடித்து ஆய்வகத்தில் சேர்ந்த வருடம் வாயு அளக்கும் கருவி ஒன்று வாங்க வைத்தேன். அடர்த்தி ஆபத்தான அளவைத் தாண்டிய பிறகும் சுடர் எரியும் என்று கரும்பலகையில் எண்களை எழுதிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்கள். "அதுக்கு பேட்டரி வேணும், இதுக்குத் தீக்குச்சி போதும்மா" என்றார் சத்தூரியோ. கருவி அலமாரிக்குப் போனது.

எங்கள் முதலாளி லெயாந்த்ரோ அந்த மெழுகுவத்தியையே புது ஒயினுக்குப் பெயராக வைத்தார். காந்தேலா. கறுப்பு பாட்டில், நடுவில் மெல்லிய தங்கச் சுடர், வேறு ஒன்றும் இல்லை. துவேரோ ஆற்றின் இந்தக் கரையில் அப்படி ஒரு பாட்டிலை யாரும் பார்த்ததில்லை. அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக மத்ரித்திலிருந்து நூரியா என்ற விளம்பரக்காரியை வரவழைத்தார். ஒசாகாவில் ஒருத்தன் ருசி பார்ப்பதற்கு முன்னால் அவனுக்கு ஒரு கதை வேண்டும் என்றாள் அவள். கதை எங்களிடம் இருந்தது. படம் பிடிப்பதுதான் பாக்கி. வியாழன் மாலை பிடித்தார்கள்.

அன்று ஏழாம் தொட்டியில் சத்தூரியோ சக்கை வாரிக்கொண்டிருந்தார். எட்டாம் தொட்டி முன்னால் லெயாந்த்ரோ யாருடைய தொப்பியையோ வாங்கிப் போட்டுக்கொண்டு கம்பியில் மெழுகுவத்தியைத் தொங்கவிட்டுப் பிடித்தார். எடுத்ததையே பல தடவை எடுத்தார்கள். சக்கை வண்டி டிராக்டரின் சத்தம் விழுகிறது என்றாள் நூரியா. உள்ளே ஆள் இருக்கும்போது தொட்டி வாசலில் ஒருவர் நிற்க வேண்டும் என்பது எலாதியோ போட்ட விதி. ஐந்தே நிமிடம் என்று சொல்லிவிட்டு அவரே சக்கை வண்டியை வெளியே ஓட்டிப் போனார். அவர் திரும்பி வரக் கால் மணி நேரம் ஆனது. ஏழாம் தொட்டியின் கீழ்வாசலில் மண்வாரியின் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே சத்தூரியோ அதைப் பிடித்தபடி கவிழ்ந்து கிடந்தார். விரல்களைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

போலீஸ் சார்ஜண்ட் எல்லோரையும் கேட்டார். எல்லாம் வழக்கம்போல நடந்தது என்றார் லெயாந்த்ரோ. எலாதியோவும், தான் வரும்போது கூரையில் வாயுவை வெளியே இழுக்கும் பெரிய விசிறி ஓடிக்கொண்டிருந்தது என்றுதான் சொன்னார். மெழுகுவத்தியைச் சரியான ஆழத்துக்கு விட்டோமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று சார்ஜண்ட் என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார். சொன்னேன்.

திங்கட்கிழமை எலாதியோ நீதிபதி முன் நிற்க வேண்டும். நாலு வருடம் வரை போடலாம் என்றார் வக்கீல்.

வெள்ளிக்கிழமை லெயாந்த்ரோ ஆய்வகத்துக்கு வந்தார். சனிக்கிழமை ருசி பார்க்க வரும் வெளிநாட்டு வியாபாரிகள் விமானம் ஏறிவிட்டார்கள், இந்த ஒயினை நம்பி ஊரில் நாற்பது வீடு இருக்கிறது என்றார். எலாதியோவுக்கு மாகாணத்திலேயே நல்ல வக்கீலாக வைப்பதாகச் சொன்னார். கதவுவரை போய்த் திரும்பி, "நீ வாயத் தொறக்காம இருந்தா போதும் ஒலாயா. உனக்கு அது ஒண்ணும் புதுசில்லையே" என்றார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குத் தொட்டிக் கூடத்தில் வெள்ளைத் துணி விரித்த எட்டு மேசைகள். ஒசாகா, கோப்பன்ஹேகன், டொராண்டோ ஆட்கள் கோப்பையைச் சுழற்றி முகர்ந்துகொண்டிருந்தார்கள். பேச்சு கேட்க வேண்டும் என்று கூரை விசிறியை நிறுத்தியிருந்தார்கள். ஏழாம் தொட்டியைப் போலீஸ் நாடா கட்டி மூடியிருந்தது. அதன் முன்னால் பூத்தொட்டிகள். எட்டாம் தொட்டியை முந்தின இரவு வடித்திருந்தோம். விருந்தாளிகளுக்கு மெழுகுவத்தி விட்டுக் காட்ட அதன் கீழ்வாசல் திறந்திருந்தது. எலாதியோ வீங்கிய வாயோடு பின்னால் பிழியும் இயந்திரத்தில் இருந்தார். திராட்சை யாருக்காகவும் காத்திருக்காது. விருந்தாளிகள் கண்ணில் பட வேண்டாம் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

அமிலம் பற்றிக் கேட்டால் பதில் சொல்வதுதான் என் வேலை. சுவரில் படம் ஓடியது. லெயாந்த்ரோவின் கை, கம்பி, சுடர்.

மில்யானும் அவன் அண்ணன் ஒனோரியோவும் வந்தார்கள். அதே கறுப்புக் கோட்டு, காலணியில் கல்லறை மண். ஒனோரியோ முதல் மேசையின் துணியைப் பிடித்து இழுத்தான். இருபது கோப்பைகளும் ஆறு பாட்டில்களும் தரைக்குப் போயின. ஒசாகாக்காரர் கையில் இருந்த கோப்பையோடு அப்படியே நின்றார். இது ஏதோ குடும்பச் சண்டை என்று நூரியா ஆங்கிலத்தில் சொன்னாள்.

எலாதியோவை இயந்திரத்தின் பின்னாலிருந்து தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தார்கள். உடைந்த கண்ணாடி மேலேயே இழுத்தார்கள். சட்டை கிழிந்து முதுகு கோடு கோடாகப் பிளந்தது. லெயாந்த்ரோ குறுக்கே போனார். ஒனோரியோ அவர் வயிற்றில் ஒரு குத்து விட்டான். அவர் சிந்திய ஒயினில் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்கவே இல்லை. மில்யான் ஒரு காந்தேலா பாட்டிலின் கழுத்தைப் பிடித்து எலாதியோவின் புருவத்தில் அடித்தான். பாட்டில் உடையவில்லை. புருவம் உடைந்தது. இன்னொரு முறை அடித்தான். இந்த முறை பாட்டிலும் உடைந்தது.

"அணையலன்னு சொன்னேல்ல?" மில்யானுக்கு மூச்சு வாங்கியது. மேசையிலிருந்து மெழுகுவத்தியை எடுத்துப் பற்ற வைத்தான். "படத்துல உங்க முதலாளி எவ்வளவு நல்லாப் பண்றாரு. நீயும் பண்ணிக் காட்டு மச்சான். வெளிநாட்டுக்காரங்க காசு குடுத்து வந்திருக்காங்க."

எட்டாம் தொட்டியின் வாசலுக்கு இழுத்தார்கள். எலாதியோ இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒனோரியோ விரல்களைக் காலணியால் மிதித்தான். விரல் ஒடியும் சத்தம் எனக்குக் கேட்டது. விசிறி ஓடாத கூடத்தில் எல்லாம் கேட்கும்.

அப்போது எலாதியோ தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். படத்தில் சுடர் நேராக நின்றது. இந்தக் கூடத்தில் இருபத்தாறு வருடமாக மெழுகுவத்தி விட்டவர் அவர். விசிறி ஓடினால் சுடர் வலது பக்கம் படுத்துவிடும். சக்கை வாரும் நேரத்தில் அது நேராக நின்று அவர் பார்த்ததே இல்லை. கூரையைப் பார்த்தார். பிறகு, ஒரு கண்ணில் ரத்தம் வழிய, என்னைப் பார்த்தார். விசிறியின் பொத்தான் ஆய்வகக் கதவை ஒட்டி இருக்கிறது. அந்தக் கதவருகில்தான் நான் எப்போதும் நிற்பேன்.



மில்யான் மெழுகுவத்தியை வாசலுக்குள் நீட்டினான். உள்ளே போனதுமே அணைந்தது. "பாத்தியா? இப்படித்தான் அணையும்" என்றான். அவன் குரல் அழுகையாக மாறியிருந்தது. எலாதியோவின் தலையையும் தோளையும் உள்ளே திணித்து மேலே படுத்து அழுத்தினான். கால்கள் தரையை உதைத்தன.

இரண்டு மூன்று மூச்சில் நினைவு போகும். சில நிமிடத்தில் உயிர். கரும்பலகையில் நானே எழுதியது.

பொத்தானை அழுத்தினேன். மோட்டார் உறுமியது. யாரும் திரும்பவில்லை. ஓடிப் போய் மில்யானின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். அவன் முழங்கை என் மூக்கில் பட்டது. வாய்க்குள் உப்பு. மறுபடி இழுத்தேன். எலாதியோவின் கால்கள் உதைப்பதை நிறுத்தியிருந்தன.

சொன்னேன். மோட்டார் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை, அவன் காதருகில் போய்ச் சொன்னேன்.

அவன் கை தளர்ந்தது. ஒனோரியோ எலாதியோவின் இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டான். முகம் நீலமாக இருந்தது. நான் அவர் கன்னத்தில் அறைந்தேன், மார்பில் குத்தினேன். ஒரு பெரிய இருமல் வந்தது. பிறகு மூச்சு.

மில்யான் இன்னும் மண்டியிட்டே இருந்தான். உடைந்த பாட்டிலின் கழுத்து அவன் கைக்கு மறுபடி வந்திருந்தது. தரையில் உட்கார்ந்தபடியே லெயாந்த்ரோ என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், வேண்டாம் என்று.

"என்ன சொன்ன நீ? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு" என்றான் மில்யான்.

"வியாழக்கிழமை உங்க அண்ணன் உள்ள இருக்கும்போது விசிறிய நிறுத்தினது நான். படத்துல சுடர் ஆடுதுன்னு முதலாளி நிறுத்தச் சொன்னாரு. பதினொரு நிமிஷம்."