பாஸ்போட் பிறந்தநாள்

என் அண்ணன் றெமிஜியசுக்கு இரண்டு பிறந்தநாள். அம்மா பெற்றது ஆவணியில். பாஸ்போட்டில் இருப்பது மார்ச் பதினாலு. எண்பத்தைந்தில் அவரை ஜெர்மனிக்கு அனுப்பிவிட்ட ஆள் வேறு எவனோ ஒருவனுடைய திகதியைப் போட்டுக் கொடுத்துவிட்டான். அங்கே போய் இறங்கிய பிறகு அதை மாற்றினால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் அண்ணன் அப்படியே விட்டுவிட்டார். வருசா வருசம் அன்றைக்கு ஜெர்மன்காரர் கை கொடுத்து வாழ்த்துவார்களாம். இவர் ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பாராம்.

அந்தத் திகதிக்குக் கேக் வெட்டியது இந்த வருசம்தான். வெட்டியவள் நான். ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பகுதியில் இருக்கும் எங்கள் கட்டடத்துப் பார்ட்டி அறையில், அவர் இல்லாமல். அதுவும் தவக்காலத்தில்! என் மனுசன் நீக்கிலாஸ் தலையில் கை வைத்தார்.

"உனக்கென்ன விசரே கிளடிஸ்? தவக்காலத்திலை ஆராவது பேத்டே வைப்பினமோ? கோயில்லை கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"மச்சானுக்கு அறுபது எண்டு சொல்லுங்கோ. மட்டன் இல்லை, மீன் கட்லட்தான் எண்டும் சொல்லுங்கோ" என்றேன்.

விசயம் இதுதான். அண்ணனும் நானும் ஒரே முதலாளிக்கு வேலை செய்கிறோம். டோர்ட்முண்ட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவர் யோகட் கோப்பைகளுக்கு மூடி அடிக்கிறார். நான் ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஐஸ்கிரீம் டப்பாவுக்கு மூடி அடிக்கிறேன். சில வருசங்களுக்கு முன்னர் அவருடைய கொம்பனி எங்களுடையதை வாங்கியது. அன்றைக்கு அண்ணன் போன் எடுத்து, "பிள்ளை, இனி நான் தலைமைக் கந்தோர், மரியாதையாக் கதை" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

மாசி மாதம் அவர்களுக்கு வேலைநிறுத்தம் தொடங்கியது. மெசின்களில் பாதியைக் கழற்றி ஹங்கேரிக்குக் கொண்டுபோகப் போகிறோம், மிச்சத்தில் நிற்கிறவர்கள் அதே சம்பளத்துக்குக் கூட நேரம் வேலை செய்ய வேண்டும் என்று கொம்பனி சொன்னது. ஹங்கேரியில் சம்பளம் குறைவு, அவ்வளவுதான் காரணம். தொழிற்சங்கம் முடியாது என்றது. எல்லோரும் வெளியே வந்து வாசலில் நின்றார்கள். அண்ணனும் சங்கத்தின் சிவப்பு மேலங்கி போட்டுக்கொண்டு குளிரில் நின்றார். "அறுபது வயசிலை என்னை ஆரடி வேலைக்கு எடுப்பான்?" என்று ஒருநாள் கேட்டார். நான் கோபத்தில் போனுக்குள் கத்தினேன். யார் மீது கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

பிறகு ஒருநாள் எங்கள் இடத்தில் பெரிய மெசினுக்குப் புது அச்சு வந்து இறங்கியது. விமானத்தில் வந்ததாம். வெள்ளோட்டத்துக்கு ஒரு மூடி அடித்து மேசையில் வைத்தார்கள். மூடியில் ஸ்ட்ரோபெரிப் படம். படத்துக்குக் கீழே ஜெர்மன் எழுத்து. அண்ணன் லீவில் வரும்போதெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுவாரே, 'இது மாமா செய்தது' என்று, அதே மூடி.

மனேஜர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: சனி ஞாயிறு இரண்டு நாளும் ஓவர்ரைம், இரட்டைச் சம்பளம். திங்கட்கிழமை இந்த மூடிகள் ஐரோப்பாவுக்குப் போயே ஆக வேண்டும். அந்த இரண்டு நாளும் வருகிற தற்காலிக ஏஜென்சி ஆட்களைக் கொம்பனி நிரந்தரமாக எடுக்கும்.

நான் இடைவேளையில் அண்ணனுக்குப் போன் அடித்தேன்.

"எங்கடை மூடியோ?" என்றார். "கடைக்காரர் மூடி இல்லையெண்டு கொம்பனியைப் பிடிச்சு நெரிக்கினம் பிள்ளை. இந்தக் கிழமைதான் எங்களோடை இருந்து கதைக்கச் சம்மதிச்சவங்கள். உங்கையிருந்து மூடி வந்திட்டால் கதை முடிஞ்சுது."

செய்யாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

எங்கள் யூனியன் பிரதிநிதி மாமாங்கம் அண்ணை, மட்டக்களப்பு ஆள். அவரிடம் ஓடினேன். ஓவர்ரைமுக்கு வா என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் எல்லோரும் சேர்ந்து பேசி வைத்து வராமல் விட்டால் இந்த மாகாணத்தில் அது சட்டவிரோத வேலைநிறுத்தம். யூனியனையே கோர்ட்டுக்கு இழுப்பார்கள்.

"இஞ்ச பாருங்க புள்ள" என்றார் மாமாங்கம் அண்ணை. "வராதீங்க எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்ல ஏலா. நீங்களும் சொல்லப்படா. அவங்கவங்களுக்கு வேற அலுவல் இருந்தா அது அவங்கட பாடு."

"என்ன அலுவல்?"

"கலியாணம், செத்த வீடு, என்னண்டு எனக்கென்ன தெரியும்?" என்றுவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நாள்காட்டியைப் பார்த்தேன். சனிக்கிழமை மார்ச் பதினாலு. பஸ்ஸுக்குள் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த பெண் எழும்பி வேறு இருக்கைக்குப் போனாள்.

அடுத்த நாள் எங்கள் பின்னேர ஷிப்டில் ஒவ்வொருவரிடமும் போனேன். பெரிய மெசினை ஓட்டத் தெரிந்தவர்கள் எங்கள் ஷிப்ட் ஆட்கள்தான், முக்கால்வாசியும் தமிழர். "சனிக்கிழமை எங்கடை அண்ணைக்கு அறுபதாவது பேத்டே, கட்டாயம் வரவேணும்." அவ்வளவுதான் சொன்னேன். வேறு ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை.

"அண்ணை ஜெர்மனியிலை எல்லோ?"

"ஓம். வீடியோவிலை வருவார்."

அந்த மூடியை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அண்ணன் எங்கே வேலை செய்கிறார் என்றும் எல்லோருக்கும் தெரியும். "ஐயோ, அறுபதுக்கு வராமல் விடலாமோ, என்ன கதை கதைக்கிறியள்!" என்றார்கள். கூப்பிட்ட வீட்டுக்குப் போகாமல் விட்டால் வாழ்நாள் முழுக்கப் பேச்சு வாங்க வேண்டும் என்று எங்கள் சனத்துக்குத் தெரியும். பிலிப்பைன்ஸ்காரர் இருவர்கூடச் சோறு இருக்கா என்று கேட்டுவிட்டு வருகிறோம் என்றார்கள்.

யதுஷா மட்டும் தனியாக வந்தாள். மல்வேர்னில் இருக்கிறவள், ஏஜென்சி மூலம் வந்த பிள்ளை. ஏஜென்சி ஆட்களைக் கொம்பனி நேரே எடுப்பதில்லை. மெசின் வாடகைக்கு எடுப்பதுபோல எடுக்கும், வேண்டாதபோது திருப்பி அனுப்பும். எங்கள் ஒப்பந்தத்தில் அவர்கள் இல்லை, யூனியனிலும் இல்லை. மெசினிலிருந்து விழும் மூடிகளைப் பெட்டியில் அடுக்குவதுதான் அவளுக்கு வேலை.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ. நான் சனிக்கிழமை வேலைக்குப் போறன். இரண்டு வருசமா பேர்மனன்ற் ஆக்குவினம் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

எனக்குச் சுறுக்கென்று ஏறியது. "போ பிள்ளை, போய் அடுக்கு" என்று வெட்டிச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

சனிக்கிழமை அறை நிறைந்துவிட்டது. கேக்கில் 'றெமிஜியஸ் 60' என்று எழுதியிருந்தது. மாமாங்கம் அண்ணை மனுசியோடு வந்து, "நான் பேத்டேக்குத்தான் வந்தன்" என்று யாரும் கேட்காமலே இரண்டு தரம் சொன்னார். சுவரில் பெரிய திரையில் அண்ணன் வந்தார். சிவப்பு மேலங்கியோடு, பின்னால் பீப்பாவில் நெருப்பு, சுற்றிவர அவருடைய ஆட்கள். நாங்கள் பாடத் தொடங்க, அந்தப் பக்கமும் ஜெர்மன் பாசையில் பாடினார்கள். இரண்டு பாட்டும் ஒன்றோடொன்று சேரவேயில்லை, ஒரே கூச்சல். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது பொய்ப் பிறந்தநாளடி" என்றார்.

"கேக் உண்மைக் கேக், பேசாமல் நில்லுங்கோ" என்றேன். நானும் அழுதேன், ஏன் மறைப்பான்.

அன்றைக்கு மெசின் ஓடவில்லை. மேற்பார்வையாளர் தானே ஓட்டிப் பார்த்து அச்சில் பிளாஸ்டிக் இறுகி நின்றதுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் ஷிப்ட் ஆட்கள் ஒருவரும் போகவில்லை. கேட்டால், முதல்நாள் தின்ற கட்லட் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். எங்கள் மூடிகள் திங்கட்கிழமை போகவில்லை. அடுத்த வெள்ளி அண்ணன் போன் எடுத்தார். கொம்பனி இறங்கி வந்துவிட்டது. மெசின்கள் இன்னும் சில வருசத்துக்கு அங்கேயே நிற்கும், ஒருவரையும் நிறுத்தப் போவதில்லை. அவர் குரலில் இருந்த சந்தோசத்தைக் கேட்க எனக்கு மனம் குளிர்ந்துபோனது.

அதற்கடுத்த திங்கள் மெசினடியில் புது முகங்கள் பெட்டி அடுக்கிக்கொண்டு நின்றன. யதுஷா இல்லை. அந்த அச்சைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், நிரந்தரமாக்குகிறோம் என்று சொல்லி அதற்குக் கூப்பிட்ட ஆட்களும் இனித் தேவையில்லை, வேறு ஆட்களை அனுப்பு என்று ஏஜென்சிக்குச் சொல்லிவிட்டார்களாம். இரண்டு நாளும் வேலைக்கு வந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். போனதும் அவர்கள் மட்டும்தான்.

கட்லட்டும் கேக்குமாகக் கொண்டு மல்வேர்னுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே வாருங்கோ என்று சொல்லவில்லை.

"நான் போனனான் அன்ரி" என்றாள். "அவங்கள் சொன்னபடி இரண்டு நாளும் போனனான். மெசின் ஓடேல்லை. சும்மா இருத்தி வைச்சிட்டு அனுப்பிப்போட்டாங்கள்."

"தெரியும் பிள்ளை."

"உங்கடை அண்ணைக்கு அங்கை யூனியன் இருக்கு. இஞ்சை அவருக்கெண்டு நீங்கள் இருந்தனீங்கள். எனக்கு ஆர் பேத்டே வைப்பினம்?"

வழி முழுக்க ஒரு பெரிய விளக்கம் யோசித்து வைத்துக்கொண்டு போயிருந்தேன். பையைக் கதவடியில் வைத்துவிட்டு வந்தேன். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது.

மாமாங்கம் அண்ணையிடம் போய் நின்றேன். வருகிற இலையுதிர் காலத்தில் எங்கள் ஒப்பந்தம் முடிகிறது. "ஏஜென்சி ஆக்களையும் உள்ளுக்கை எடுக்கக் கேட்க வேணும். போனவையைத் திருப்பிக் கூப்பிடவும் கேட்க வேணும்" என்றேன்.

"கேக்கலாம்" என்றார். "கொம்பனி சும்மா தருமா? அதுக்குப் பதிலா எங்கட சம்பள உயர்வில கை வைப்பாங்க. ஆக்கள் ஓம் எண்டு சொல்லுவாங்களா? எல்லாரும் இருக்கட்டும், நீங்க சொல்லுங்க புள்ள. உங்கட உயர்வ விட்டுக்குடுப்பீங்களா?"

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வீட்டுக்கடன் நினைவுக்கு வந்தது. நீக்கிலாசின் முழங்கால் சத்திரசிகிச்சை நினைவுக்கு வந்தது. அண்ணனுக்காக இரட்டைச் சம்பளத்தை விட்டபோது இதொன்றும் நினைவுக்கு வரவில்லை. அவர் என் இரத்தம், யதுஷா யாரோ வீட்டுப் பிள்ளை. என் மனம் எப்படிப்பட்டது என்று அந்த இடத்தில் நின்று பார்த்தேன், எனக்கே பிடிக்கவில்லை. மாமாங்கம் அண்ணை அவசரப்படுத்தவில்லை, சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"ஓம், விடுறன்" என்றேன் கடைசியில். "மற்றவையிட்டையும் நானே போய்க் கேக்கிறன். இந்த முறை பேத்டே எண்டு சொல்லாமல், உள்ளதைச் சொல்லிக் கேக்கிறன்."

"ஆர்ட்ட முதல் கேப்பீங்க?"

"அவளிட்டை" என்றேன். "திரும்பி வர அவளுக்கு மனமிருக்கோ எண்டு முதல் அவளிட்டைத்தான் கேக்க வேணும்."