பரலோகம், பள்ளங்கி அஞ்சல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பள்ளங்கியில் இதை யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வாரத்தில் ஆறு நாள் ஒரு கெஸ்ட் ஹவுசில் சமையல். ஞாயிற்றுக்கிழமை, தகரக் கூரை போட்ட எங்கள் சபையில் பதினோரு பிள்ளைகளுக்கு சண்டே கிளாஸ் எடுக்கிறேன். ஒன்பது வருடமாகிறது. சம்பளம் கிடையாது. அதனால் என்னை யாரும் வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது.

அந்த வாரப் பாடம், நாமெல்லாரும் கடவுளின் குடும்பம் என்பது. புத்தகத்தில் ஒரு படம் போட்டிருந்தார்கள். பெரிய மேசை, சுற்றி சிவப்புக் கன்னத்தோடு ஏழு பேர், சோபாவில் ஒரு நாய்.

"நாயும் குடும்பமா டீச்சர்?" என்று ஸ்வேதா கேட்டாள்.

அதற்கே அரை மணி நேரம் போய்விட்டது. சோபாவில் நாயை ஏற விடலாமா என்று ஓட்டெடுப்பு வரைக்கும் வந்தார்கள். நான் புத்தகத்தை மூடி வைத்தேன். எங்கள் பிள்ளைகளுக்குக் குடும்பம் என்றால் என்னவென்று படம் பார்த்துத் தெரியவேண்டியதில்லை. ரேஷன் கார்டில் யார் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள்தான் குடும்பம். அவ்வளவுதான் சோலி.

மஞ்சள் சார்ட் பேப்பரைப் பாதியாகக் கிழித்துச் சுவரில் ஒட்டினேன். மேலே 'குடும்ப அட்டை' என்று எழுதினேன். குடும்பத் தலைவர்: பரமபிதா. பக்கத்தில் போட்டோவுக்குக் கட்டம்.

பிரசாந்தின் அப்பா ரேஷன் கடையில் மூட்டை இறக்குகிறவர். அந்தத் துறையில் அவன்தான் எங்களுக்கெல்லாம் அதிகாரி.

"போட்டோ இல்லாட்டி கார்டு செல்லாது டீச்சர்."

"இதுல செல்லும்ல. ஒக்காரு."

"விலாசம்?"

"பரலோகம்."

"எந்த அஞ்சல்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் நியாயமான கேள்விதான். பரலோகம், பள்ளங்கி அஞ்சல் என்று போடுவதாகப் பேசி முடித்தோம். தபால்காரர் எப்படியும் கொண்டுவந்து கொடுத்துவிடுவார் என்று பிரசாந்த் பொறுப்பேற்றுக்கொண்டான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் மேசையை இழுத்துப் போட்டு, தோளில் துண்டு போட்டு, அதிகாரியாக உட்கார்ந்தேன். கெஸ்ட் ஹவுசிலிருந்து ரப்பர் ஸ்டாம்ப்பும் கொண்டுவந்திருந்தேன். பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள்.

"பேரு? ஏற்கனவே வேற கார்டுல பேரு இருக்கா? இருக்கா! அப்ப நீக்கல் சான்று எங்க? பேப்பர் இல்லாம பேர் சேக்க முடியாது. மனு பரிசீலனையில் உள்ளது. அடுத்த வாரம் வா."

பதினோரு பேருக்கும் இதே பதில். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அடுத்த வாரம், 'இந்த வீட்டில் பேப்பர் கேட்கமாட்டார்கள்' என்று சொல்லி எல்லாப் பெயரையும் எழுதுவதாகத் திட்டம். முக்கியமான இடத்தில் நிறுத்தினால்தான் மறுபடி வருவார்கள் என்பது சீரியல் பார்த்து நான் கற்றுக்கொண்டது.

நதியா மட்டும் சிரிக்கவில்லை. வயிற்று வலி என்று நினைத்தேன். அவளுக்கு ஒன்பது வயது. அம்மா இறந்த பிறகு அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டார். பிள்ளையை அத்தை அன்னக்கொடியிடம் கொண்டுவந்து விட்டார்கள். அன்னக்கொடி பூண்டு வெட்டப் போகிறவள், எங்கள் சபைக்காரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தனியே விட மனமில்லாமல் எங்களிடம் அனுப்புவாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு வெள்ளனே நான் சபையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். தூறல். நதியா தலையெல்லாம் நனைந்து வந்து நின்றாள். ஸ்வெட்டருக்குள் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

"என்னாடி இது?"

"நீக்கல் சான்று டீச்சர். ஆதாரும் இருக்கு. போட்டோ ரெண்டு. ஜெராக்ஸ் எடுக்க கடை தெறக்கல, அதான் ஒரிஜினலே கொண்டாந்துட்டேன்."

வாங்கிப் பார்த்தேன். நிஜமான சான்று. அவளுடைய அப்பா தன் கார்டிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டிருந்தார். உறவுமுறை, மகள். நீக்கியதற்கான காரணம், குடும்பத்தில் வசிக்கவில்லை.

"அத்தை கார்டுல சேத்தாச்சா?"

"இல்ல டீச்சர். எட்டு மாசமாப் பரிசீலனையில இருக்கு. எந்தக் கார்டுலயும் பேரு இல்ல. ஒங்க கார்டுலயாச்சும் சேத்துருங்க."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. என் அப்பா பெரியண்ணன் சிலோன் எஸ்டேட்டிலிருந்து வந்தவர். அங்கே இவர்கள் எங்கள் ஆள் இல்லை என்றார்கள். இங்கே பேப்பரைக் காட்டு என்றார்கள். அந்தப் பேப்பரைச் சாகும்வரை தலையணைக்கடியில் வைத்துத்தான் தூங்கினார். அவர் மகள் நான், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு பச்சைப் பிள்ளையிடம் நீக்கல் சான்று கேட்டிருக்கிறேன்.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு மார்க்கரை எடுத்தேன். முதல் வரியில் நதியா என்று எழுதினேன்.

"பேப்பர் வேணாமா?"

"வேணாம்."

"அப்ப போன வாரம் கேட்டீங்க?"

"தப்பாக் கேட்டுட்டேன் தாயி."

ஒன்பது வருடத்தில் ஒரு பிள்ளையிடமும் நான் இப்படிச் சொன்னதில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆபீஸ் விஷயங்களில் அவளுக்கு என்னைவிட அனுபவம் இருந்தது.

"குடும்பத் தலைவர் ஒத்துக்கணுமே?"

"அவரு எப்பவோ ஒத்துக்கிட்டாரு. நாந்தேன் லேட்டு."

"பெறகு நீக்குவாங்களா?"

"நீக்கமாட்டாங்க. அதுக்கு இதுல ஃபாரமே கெடையாது."

"ஸ்டாம்ப் அடிங்க" என்றாள். அடித்தேன். பிறகு சார்ட்டை மேலிருந்து கீழே ஒருமுறை சரிபார்த்தாள்.

"ஒங்க பேரு எங்க டீச்சர்?"

"எனக்கெதுக்குடி?"

"எழுதலைன்னா நீங்க வெளியாளு."

மார்க்கரை என் கையிலிருந்து வாங்கி, தன் பெயருக்குக் கீழே ஜெயா என்று எழுதினாள். எனக்கும் ஒரு ஸ்டாம்ப் அடித்தாள். மற்ற பத்துப் பேரும் வந்து, டீச்சர் எப்படி வரிசையில் முந்தினார் என்று சண்டை போட்டார்கள். அது வேறு கதை.

வகுப்பு முடிந்ததும் சான்றை எடுத்துக்கொண்டு அன்னக்கொடி வீட்டுக்குப் போனேன். அவள் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். கவரைப் பார்த்ததும் பிடுங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். நடந்ததைச் சொன்னேன்.

"ஓகோ. நாங்க சேக்குறதுக்கு முன்னாடி நீங்க சேத்துப்புட்டீகளாக்கும்."

நான் கவிழ்ந்து கிடந்த பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

"ஒங்க கார்டு எதுல தடைபட்டுக் கெடக்கு?" என்று கேட்டேன்.

"சொந்தமில்லாத ஆளு ஒருத்தரு வேணுமாம். இந்தப் புள்ள எங்கிட்டதேன் இருக்குன்னு ஆபீசுல வந்து கையெழுத்துப் போடணுமாம். யாரைக் கேக்கச் சொல்றீக? பெத்த அப்பனே பேர எடுத்துட்டான்னு ஊரெல்லாம் கதை பேசவா? அந்தப் புள்ள காதுல விழுகவா?"

சொல்லும்போதே அழுதுவிட்டாள். எட்டு மாதமாக ஒரு கையெழுத்துக்காக. நான் இருப்பது நாலு வீடு தள்ளி.

திங்கட்கிழமை கெஸ்ட் ஹவுசுக்கு லீவு சொல்லிவிட்டு மூன்று பேரும் பஸ் ஏறினோம். எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன், அங்கே எங்களுக்கு இன்னும் சோலி இருக்கிறது. நதியா கையில் ஒரு நீளப் பை வைத்திருந்தாள். குடையாக்கும் என்று நினைத்தேன்.

அதிகாரி சின்ன வயதுக்காரர். மனுவைப் புரட்டினார். அன்னக்கொடி சேலை முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றாள். இன்றைக்கும் இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து மனுப் போட வேண்டும் என்று போன முறையே சொல்லியிருந்தார்களாம்.

"கையெழுத்துப் போடப் போறது நீங்களாம்மா? பிள்ளைக்கு நீங்க என்ன வேணும்?"

"டீச்சர்."

"எந்த ஸ்கூல்?"

எனக்குக் கோபம் கிடுகிடுவென்று ஏறியது. சண்டே கிளாசுக்கு அவர்கள் ஃபாரத்தில் கட்டம் இருக்காது என்று எனக்கே தெரியும். வாயைத் திறந்தேன் என்றால் காரியம் கெட்டுவிடும். திறக்கத்தான் போனேன்.

"நாங்க ரெண்டு பேரும் ஒரே கார்டு சார்" என்றாள் நதியா.

பையிலிருந்து சார்ட்டை உருவி மேசைமேல் விரித்தாள். சபைச் சுவரிலிருந்து எப்போது பிரித்தாள் என்று எனக்குத் தெரியாது. நாலு மூலையிலும் டேப் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒரிஜினல் சார்."

அவர் மேலிருந்து படித்தார். விலாசத்தில் சற்று நின்றார். பிறகு அவருடைய விரல் இறங்கி, முதல் பெயருக்கும் இரண்டாவது பெயருக்கும் வந்தது.

"தலைவர் போட்டோ இல்லையே பாப்பா?"

"இதுல அதெல்லாம் கேக்கமாட்டாங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. சார்ட்டைப் பத்திரமாகச் சுருட்டி அவளிடம் கொடுத்தார். ஃபாரத்தை என் பக்கம் திருப்பி வைத்து, பேனாவையும் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே ஒரு கட்டம் காலியாக இருந்தது: மனுதாரரை எவ்வாறு அறிவீர். குடும்பம் என்று எழுதினேன்.

அவர் அதைப் படித்தார். அடித்துத் திருத்துவார் என்று காத்திருந்தேன். திருத்தவில்லை.

"சார், ஸ்டாம்ப்பு" என்றாள் நதியா.

அடித்தார்.