ஒன்றும் ஆகாத ஆயிரத்து நூறு நாள்

ஆலை மானேஜர் மரியநாதன் சார் அந்த வாரம் மூன்றாவது முறையாக என் அறைக் கதவைத் திறந்தார். மூன்று முறையும் நான் உட்கார்ந்துதான் இருந்தேன். மூன்றாவது முறை கையில் கோப்பிக் குவளை வேறு.

"என்னா செய்றே?"

"பாத்துக்கிட்டு இருக்கேன் சார்."

"எத?"

"ஒண்ணும் ஆகலையான்னு."

அவர் என்னைப் பார்த்தார். ஏர்கோனைப் பார்த்தார். கோப்பியைப் பார்த்தார். "ஒண்ணும் ஆகலதானே? அப்பறம் என்னாத்தப் பாக்குறே?" என்று கேட்டுவிட்டு, குளிர் வெளியே போகாதபடி கதவை நன்றாக இழுத்துச் சாத்திக்கொண்டு போனார். அந்தக் கதவு சாத்திய சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

காஹாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையை விட்டு உள்ளே ஒன்பது கிலோமீட்டர் வந்தால் எங்கள் பாமாயில் ஆலை. சுற்றிலும் செம்பனை. தோட்டங்களிலிருந்தும் சிறு நிலக்காரர்களிடமிருந்தும் பழக்குலை லாரியில் வரும். லாரி தராசு மேடையில் ஏறும். பக்கத்துக் கூண்டில் இருக்கும் கெர்ட்ரூட் அக்கா எடையைப் பதிந்து சீட்டு அச்சடித்துக் கொடுப்பார். சீட்டு இருந்தால்தான் லாரி உள்ளே போகும். அந்தச் சீட்டிலிருந்து கொதிகலன் சூடு வரைக்கும் எல்லாம் என் அறையில் இருக்கும் சர்வரில்தான் ஏறும்.

நான் வேலைக்கு வந்த புதிதில் அதில் வருடா வருடம் காசு கட்டிப் புதுப்பிக்கிற சிஸ்டம் இருந்தது. யாரோ தம்ப் டிரைவில் பாட்டு கொண்டுவந்து போட்டார்கள். வைரஸ் ஏறியது. மூன்று நாள் ஆலை நின்றது. நான்தான் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டேன். உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருப்பது. அன்றைக்கு சார் என்னைக் கட்டிப்பிடித்தார். "ஓசியாவா? உண்மையாவா?" என்று நாலு தடவை கேட்டார். அந்த 'ஓசி' அவர் மண்டையில் போய் நன்றாக உட்கார்ந்துகொண்டது.

லினக்ஸுக்கு ஒரு குணம். சொன்ன வேலையை ஒழுங்காக முடித்தால் வாயே திறக்காது. கட்டளையைத் தட்டினால் அடுத்த வரி வெறுமையாக வந்து நிற்கும். தப்பானால்தான் பேசும். எனக்கு அந்தக் குணம் பிடித்திருந்தது. என் அப்பாவும் அப்படித்தான்.

அந்த அக்டோபரில், மாதக் கடைசிக்குள் ஆபீஸில் ஒரு ஆளைக் குறைக்க வேண்டும் என்று ஜேபி என்று நாங்கள் சொல்லும் ஜொகூர் பாருவில் இருக்கும் தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. தராசுக் கூண்டையும் சேர்த்து நாங்கள் ஏழு பேர். சார் என்னைக் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"ரேமண்ட், ஒரு பேரு எழுதியே ஆகணும். நீயே சொல்லு. சம்பளம் போடுற புள்ளைய எடுக்கவா? ஸ்டோர் பாக்குறவன எடுக்கவா? நீ இல்லாட்டி என்னா ஆவும்?"

"சர்வர் நின்னுடும் சார்."

"எப்ப நின்னுச்சு?"

நான் அவரை அழைத்துவந்து திரையைக் காட்டினேன். நிற்காமல் ஓடிய நாள் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று. என் வாழ்க்கையில் நான் பெருமைப்பட்டுக் காட்டிய ஒரே எண் அது. தினம் என்னென்ன செய்கிறேன் என்று சொன்னேன். எது எப்போது நிரம்பும், எது சூடாகும், எது அடுத்த மாதம் உடையும் என்று முன்கூட்டியே பார்த்துச் சரிசெய்வதைச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அப்படின்னா அது தானா ஓடுதுலா. ஜேபி கம்பெனிக்காரன் மாசம் ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போறேன்னு சொல்றான். ஓசி சாமானுக்குக் காவலுக்கு ஒரு ஆளா?"

கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. அவரும் தோட்டத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் குலை சுமந்தவர். வலது தோள் இன்னும் ஒரு விரற்கடை இறங்கியே இருக்கும். அவருக்கு வேலை என்றால் வேர்க்க வேண்டும், மூச்சு வாங்க வேண்டும், கத்த வேண்டும். கொதிகலன் பக்கம் போய் நின்றால் அவர் முகமே மலரும். என் அறையில் பதினெட்டு டிகிரி. அங்கே வேர்க்க வழியே இல்லை.

எனக்கு முப்பத்தெட்டு வயது. குளுவாங் தாமான் குடியிருப்பில் கடனுக்கு வீடு எடுத்து நாலு வருடம்தான் ஆகிறது. பெரிய படிப்பும் கிடையாது. லினக்ஸை நானே ஃபோரங்களில் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த வேலை போனால் என்னிடம் காட்டச் சான்றிதழ் இல்லை. அப்பாவின் நீளக் கம்பு அரிவாள் பாலோவில் எங்காவது துருப்பிடித்துக் கிடக்கும். அதுதான் மிச்சம்.

அப்பா பாலோ பக்கம் ஒரு தோட்டத்தில் குலை வெட்டினார். அவருடைய கூட்டத்தில் ஐந்து பேர். விடியும் முன்னே இறங்கி, வெயில் ஏறுவதற்குள் பங்கை முடித்துவிடுவார்கள். பத்து மணிக்கு வேலை இருக்காது. வேர்வையும் காய்ந்திருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் மானேஜரின் ஜீப் வரும். சத்தம் கேட்டதும் ஐந்து பேரும் கால்வாய்க்கு ஓடிச் சட்டையை முக்கி, பிழியாமல் போட்டுக்கொண்டு, வெட்டி முடித்த மரத்தின் கீழேயே குனிந்து எதையோ பொறுக்குவார்கள். மானேஜர் தலையாட்டிவிட்டுப் போவார். பள்ளி லீவில் உடன் போன எனக்கு அது அசிங்கமாக இருந்தது. ஒருநாள் கேட்டேன். "அவன் கண்ணுக்கு ஈரம்தான்டா வேலை," என்றார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு நான் சீட்டு அச்சடிக்கும் புரோகிராமை நிறுத்தினேன். ஒரே ஒரு கட்டளை. அது ஒன்றும் சொல்லாமல் நின்றது. அதற்கு வேண்டிய ஒரு ஃபைலின் பெயரையும் மாற்றி வைத்தேன். திரும்பச் சரிசெய்யப் பத்து வினாடி போதும்.

இரண்டு நிமிடத்தில் போன் அடித்தது.

"ரேமண்ட், எடை வருது, சீட்டு வரல," என்றார் கெர்ட்ரூட் அக்கா. "மேடையில லாரி நிக்குது."

"பாக்குறேன்கா."

"கையால எழுதிக் குடுக்கவா?"

"எழுதாதீங்கக்கா. பொறுங்க."

கையெழுத்துச் சீட்டு முன்பே தடை. யாரோ எடையில் விளையாடி மாட்டியதிலிருந்து தலைமை அலுவலகம் அதை ஒத்துக்கொள்வதில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

ஏர்கோனை அணைத்தேன். சர்வரின் மூடியைக் கழற்றினேன். நல்ல கேபிள்களைப் பிடுங்கித் தரையில் பரப்பினேன். அதற்குள் வெளியே ஹாரன் ஆரம்பித்தது. அறுவடை உச்சத்தில் இருக்கும் மாதம். அரை மணியில் லாரி வரிசை கேட்டைத் தாண்டி மண் சாலைக்குப் போய்விட்டது. வெயிலில் குலைகளிலிருந்து பழம் உதிர்ந்து எண்ணெய் கசிந்தது.

சார் ஓடிவந்தார். "அலமாக்! என்னாயா இது?"

"பெரிய பிரச்சனை சார். பாத்துக்கிட்டு இருக்கேன்."

'பாத்துக்கிட்டு இருக்கேன்' என்ற அதே வார்த்தைதான். இந்தத் தடவை அவர் அதை மரியாதையோடு கேட்டார்.

வேர்க்கும் என்று நினைத்தேன். வேர்க்கவில்லை. அந்த அறை அவ்வளவு சுலபத்தில் சூடாகாது. பதினொன்றரைக்குக் கழிவறைக்குப் போனேன். அது தராசுக் கூண்டுக்குப் பின்னால் இருக்கிறது. குழாயைத் திறந்து இரண்டு கை தண்ணீரை அள்ளி நெஞ்சில் அடித்துக்கொண்டேன். முகத்தைத் துடைக்காமல் வெளியே வந்தேன்.

வரிசையில் முதல் லாரி மணியம் அண்ணனுடையது. லாரியின் நிழலில் குந்தியிருந்தவர் என்னைப் பார்த்ததும் கத்தினார். "என்னா தம்பி, மிசின் செத்துப்போச்சா? கருமாதி என்னிக்கு? சாப்பாடு உண்டா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"இன்னும் கொஞ்ச நேரம்ணே."

"கொஞ்ச நேரமா? எனக்கு ரெண்டாவது நடை போச்சு தம்பி. குலைய நானே தின்னுட்டு வீட்டுக்குப் போறேன்." பிறகு என் சட்டையைப் பார்த்துக் குரலை இறக்கினார். "சரி சரி, போ. பாவம், தெப்பமா நனஞ்சிட்டே."

கூண்டுக்குள் கெர்ட்ரூட் அக்கா தன் மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, பழைய சீட்டுக் கட்டால் விசிறிக்கொண்டிருந்தார். அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கூண்டில் இருப்பவர். குலைக்கு அடியில் கல்லோ மணலோ ஏற்றி வந்தால், டயர் அமுங்குவதைப் பார்த்தே "எறக்கிட்டு வாப்பா" என்று திருப்பி அனுப்புவார். அன்றைக்கு மூன்று மணி நேரம் அவர் சும்மா உட்கார்ந்திருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். சார் கூண்டைக் கடந்து நாலு தடவை ஓடினார். நாலு தடவையும் அவர் விசிறிக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு மணிக்கு கேபிள்களைச் சொருகி, ஃபைலின் பெயரைப் பழையபடி மாற்றி, சர்வரை அணைத்து மறுபடி போட்டேன். சீட்டு வந்தது. ஹாரன் நின்றது. ஓடிய நாள் பூஜ்யம் ஆனது.

சார் கேண்டீனில் எல்லார் முன்னாலும் என் தோளில் கைபோட்டார். ஐஸ் மைலோவும் கோழிப் பொரியலும் வாங்கிக் கொடுத்தார். "பாத்தீங்களா? மூணு மணி நேரம் தரையில கெடந்து வேல செஞ்சான். ஜேபிக்காரன் மாசம் ஒரு தடவை வந்து என்னாத்தக் கிழிப்பான்?" எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன பயன்? ஏழு வருடத்தில் என் வேலையை யாரும் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தார்கள்.

சாப்பிட்டுக்கொண்டே அவர் கேட்டார். "ரேமண்ட், லாரிக்காரன் கார்டைத் தட்டினா சீட்டு தானா வர்ற மாதிரி, உன் ஓசி சாமான்ல செய்ய முடியுமா?"

"முடியும் சார். ரெண்டு வாரம் குடுங்க."

வாயில் கோழியை வைத்துக்கொண்டு சொன்னேன். ஒரு பெயர் எழுதியே ஆக வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. என் பெயர் இல்லையென்றால் இன்னொரு பெயர். அதை அந்த நேரத்தில் நான் நினைக்கவில்லை. நினைக்கப் பிடிக்கவில்லை என்பதுதான் சரி.

இரண்டு வாரத்தில் கார்டு வேலை செய்தது. மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது கெர்ட்ரூட் அக்கா என் அறைக்கு வந்தார். அந்த அறைக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. கையில் நாற்காலி மெத்தையும் ஒரு பிளாஸ்டிக் பையும்.

"கடுதாசி குடுத்துட்டாங்க," என்றார். "பாஸ்வேர்டை உன்கிட்ட ஒப்படைக்கச் சொன்னாங்க."

நான் பக்கத்தில் இருந்த இன்னொரு நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தேன். அவர் உட்காரவில்லை.

"சார் என்னா சொன்னாரு தெரியுமா? அன்னிக்கு எல்லாரும் அலையிறப்ப நீங்க மட்டும் விசிறிக்கிட்டு இருந்தீங்களேன்னாரு. இருபத்திரண்டு வருசத்துல அந்த மூணு மணி நேரம்தான் அவரு என்னைப் பாத்திருக்காரு."

"அக்கா..."

"கக்கூஸ் சன்னல் கூண்டுப் பக்கம்தான் தெறக்குது, தம்பி." அவர் குரல் உயரவே இல்லை. "வேர்த்தா முதுகுலயும் அக்குள்ளயும்தான் மொதல்ல நனையும். உனக்கு நெஞ்சு மட்டும் நனஞ்சிருந்துச்சு. நானும் தோட்டத்துக்காரிதான்."

அவர் மெத்தையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. நானும் ரெண்டு கொவள தண்ணிய ஊத்திக்கிட்டு அங்கயும் இங்கயும் ஓடியிருப்பேன்."

"நான் போய் சார்கிட்ட உண்மையச் சொல்லிடுறேன்கா."

"சரி. போ. சொல்லு."

அவர் கதவிலிருந்து விலகி எனக்கு வழிவிட்டு நின்றார். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் இருக்கும். இரண்டு நிமிடமாகவும் இருக்கலாம். நான் எழுந்திருக்கவில்லை.

"தெரியும்," என்றார். பாஸ்வேர்டு எழுதிய துண்டுக் காகிதத்தைச் சர்வரின் மேல் வைத்தார். மெத்தையை இடுக்கிக்கொண்டு வெளியே போனார். கதவைச் சாத்தவில்லை. வெளிச் சூடு உள்ளே வந்தது.

திறந்த கதவு வழியே தெரிந்த மேடையில் மணியம் அண்ணனின் லாரி ஏறியது. அவர் கையை நீட்டிக் கார்டைத் தட்டினார். சீட்டு வந்தது. காலிக் கூண்டை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். குலைக்கு அடியில் என்ன இருந்ததோ, இனி யாருக்கும் தெரியாது.

நான் கதவைச் சாத்திவிட்டு வந்து, கெர்ட்ரூட் என்ற பெயரைச் சர்வரிலிருந்து நீக்கும் கட்டளையைத் தட்டினேன். அடுத்த வரி வெறுமையாக வந்து நின்றது.