வலத்து இன்ஜின்

1982 தை மாதத்திலிருந்து இருசப்பன் தானே செய்த விமானம் தியாகதுருகம் கோட்டைமலைக்கு மேலே வலப்பக்கமாகவே சுற்றியது. ஒருநாளும் நேராகப் போனதில்லை. இருசப்பன் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். ஒன்று நின்றாலும் மற்றது காப்பாற்றும் என்று இரண்டு இன்ஜின் வைத்தார். இடப்பக்கத்து இன்ஜின் ஏலத்தில் எடுத்தது. வலப்பக்கத்தில் இருந்தது மனைவி சாலம்மாள் சீதனமாகக் கொண்டுவந்த பம்புசெட்டு இன்ஜின். அவளைக் கேட்காமலே கழற்றிவிட்டார். கிணற்றில் தண்ணீர் இருந்தும் ஒரு ஏக்கர் மல்லாட்டை கடலை பிடிக்காமலே கருகியது. சாலம்மாள் சண்டை போடவில்லை. கல்வராயன் மலையடிவாரத்தில் தம்பி சின்னராசு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றுமுதல் வலத்து இன்ஜின் இழுக்க மறுத்தது. புதுமாடு நுகத்துக்குப் பழகாவிட்டால் பழைய மாட்டோடு ஒரே தொட்டியில் தீனி வைப்பார்கள். இருசப்பனும் இரண்டுக்கும் ஒரே டாங்கியில் டீசல் ஊற்றினார். இறக்கையை நீட்டினார், குறைத்தார், வாலை மாற்றினார். எல்லாம் விழலுக்கு இறைத்த நீர். "இன்னா இருசப்பா, மாமியார் வூட்டு இன்ஜின் மொறச்சிக்கினு கீதா?" என்று ஆலையில் கேலி பேசினார்கள். ராத்திரி ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மறுபடியும் ஸ்பேனரை எடுத்தார். விமானம் நேராகப் பறந்துவிட்டால் அவளைக் கூட்டிவந்துவிடலாம் என்று நம்பினார். பஸ் ஏறிப் போய் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

1987 புரட்டாசியில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். வெட்டிய புளியமரங்கள் வழியெல்லாம் கிடந்தன. சாலம்மாளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், கண் திறக்கவில்லை என்று சின்னராசு மரம் மரமாகத் தாண்டி நடந்தே வந்து சொன்னான். அன்று வலத்து இன்ஜின் ஹேண்டிலைத் தொடுமுன்பே ஓடத் தொடங்கியது. விமானம் அடிவாரத்துக்கு நேராகப் போனது. அவளை ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கும் நேராகவே வந்தது.

அவள் பிழைத்து எழுந்ததும், "வூட்டுக்குப் போலாமா?" என்றார்.

"அந்த இன்ஜின் என்துங்க. தம்பி கெணத்துல எறக்கிக் குடுத்துட்டுப் போங்க."

"நீ வரலியா?"

"என்னக் கேட்டுக்கினா அத்தக் கயட்டினீங்க?" என்றாள் சாலம்மாள்.

இறக்கிக் கொடுத்தார். அந்த வருடமே அது மல்லாட்டைக்குத் தண்ணீர் இறைத்தது. ஒற்றை இன்ஜினோடு கிளம்பிய இருசப்பன் அந்தக் கிணற்றைச் சுற்றத் தொடங்கினார், இன்னும் இறங்கவில்லை. ஆலையில் அவர் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அடிவாரத்தில் மல்லாட்டை காயவைப்பவர்கள் அவர் நிழல் விழாத இடமாகப் பார்த்துப் பரப்புகிறார்கள். அது எந்த இடம் என்று சாலம்மாளுக்கு அண்ணாந்து பார்க்காமலே தெரியும்.