மறுக்கப்படாத வாதம்

“அந்த எடத்த மட்டும் இன்னொரு தரம் போடு புள்ள. சேர் காதுல நல்லா விழட்டும்” என்றார் வீரய்யா.

நிரஞ்சலாவின் விரல் கைப்பேசியின் மேல் நின்றதே தவிர அழுத்தவில்லை. அவர் அதை மகளிடமிருந்து வாங்கித் தாமே அழுத்தினார். விவாத மேடையில் பதிவான அவளுடைய குரல் அவர்கள் வீட்டின் சிறிய முன்னறையை நிறைத்தது.

“நடுவர் அவர்களே, சாதி என்பது கேட்கப்படுகிற ஒரு கேள்வி. கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில் அது செத்துப்போகிறது. நான் நமுனுகுலத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். ‘நீ என்ன சாதி’ என்று இன்றுவரை ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை.”

கரவொலி எழுந்தது. மேல் லயம் எனப்படும் மேட்டு வரிசைவீடுகளின் கோயில் கமிட்டித் தலைவரான வீரய்யா, அந்தக் கரவொலி தமக்கே உரியது என்பதுபோல் எதிரில் இருந்த அதிகாரியைப் பார்த்துப் புன்னகைத்தார்.

அதிகாரி இரகுநாதன் பிரதேச செயலகத்திலிருந்து விசாரணைக்கு வந்திருந்தார். யாழ்ப்பாணத்தவர், பதுளைக்கு மாற்றலாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. விசாரணைக்கு உரிய பொருள் கோயில் தேர். ஆண்டுதோறும் அது மேல் லயங்களைச் சுற்றிவந்து, தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டுக் களத்தில் திரும்பிவிடும். கீழ் லயத்துக்கு இறங்காது. இந்த ஆண்டு இறங்க வேண்டும் என்று கீழ் லயத்துத் தயாபரன் மனுக் கொடுத்திருந்தான். மனுப் போன மறுநாளே கீழ் லயத்துக் குழாய் வறண்டது. தண்ணீர்த் தொட்டி மேல் லயத்தில் இருந்தது. “குழா ஒடஞ்சிருக்கும்” என்றார்கள். எங்கே உடைந்தது என்று தேட ஒருவரும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை திருவிழா. மலையிலிருந்து இறங்கிய மூடுபனி வாசல்வரை வந்திருந்தது. முற்றத்துக்கு எதிரே கல்கட்டின்மேல் மேல் லயத்து இளைஞர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கண்ணும் முற்றத்திலேயே இருந்தது.

முற்றத்தில் தயாபரன் நின்றான். அதிகாரி அவனை உள்ளே அழைத்தபோது வீரய்யா முந்திக்கொண்டார்: “சப்பாத்தெல்லாம் சேறு சேர், அங்கயே நிக்கட்டும்.” அதிகாரியின் சப்பாத்தும் சேறாகத்தான் இருந்தது, அது அறையின் நடுவே இருந்தது.

“பிள்ளை, அண்டைக்கு நான்தானே தலைமை நடுவர். வடிவாப் பேசினீர்” என்றார் இரகுநாதன். “எதிரணியில ஒருத்தரும் அதை மறுக்கேல்லையே.”

மறுக்காத அந்த எதிரணிப் பேச்சாளன் தயாபரன்தான். பல்கலைக்கழகப் பீடங்களுக்கிடையிலான விவாத இறுதிச் சுற்றில், ‘மலையகத்தில் சாதி மறைந்துவிட்டது’ என்ற தலைப்பை ஆதரிக்கும்படி நாணயச் சுழற்சி நிரஞ்சலாவைப் பணித்தது. தலைப்பின் சொற்களுக்கு வரைவிலக்கணம் தரும் உரிமை ஆதரிக்கும் அணிக்கே உண்டு. அவள் அதைத் திறம்படப் பயன்படுத்தினாள். தயாபரன் மறுக்க எழுந்தான். மேசையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு சில கணம் நின்றுவிட்டு வேறொரு விடயத்தைப் பேசினான். மறுக்க வேண்டுமானால், தான் பிறந்த லயத்தை அந்த மண்டபத்துக்கு அவன் அறிவித்திருக்க வேண்டும்.

தனக்குத் தெரிந்ததை ஒதுக்கிவைத்து, முன்னால் வைக்கப்பட்டதை மட்டுமே எடைபோட வேண்டும், மறுக்கப்படாத வாதம் நின்றதாகவே கொள்ளப்படும் என்பது இரகுநாதனின் நடுநிலைமை. மண்டபத்தில் அது பழுதற்ற அறமாக இருந்தது. அதையே இந்த மலைக்கும் கொண்டுவந்திருந்தார்.

“சரி தம்பி, நீர் சொல்லும். தேர் ஏன் இறங்கேல்லை?”

“ரோட்டு செங்குத்து, அதான்” என்றார் வீரய்யா.

“அதே ரோட்டுல கொழுந்து லொறி தெனமும் எறங்குது சேர்” என்றான் தயாபரன்.

“லொறிக்கு பிரேக்கு இருக்கு. சாமிக்கு இருக்கா?”

கட்டின்மேல் சிரிப்பு எழுந்து, உடனே அடங்கியது.

“சாதியாலதான் எண்டு ஆரும் சொன்னவையா? ஒரு சொல்லாவது?”

தயாபரன் முற்றத்திலிருந்தே பதில் சொன்னான். “வாயால யாரும் சொல்லல சேர்.”

இரகுநாதன் வருத்தத்தோடு தலையசைத்தார். பாகுபாட்டுக்குச் சான்றில்லை என்று அவர் எழுதினால், அந்த ஒரு வரியை வீரய்யா ஆயுள் முழுவதும் காட்டிக்கொண்டிருப்பார். தயாபரனின் வீட்டார் இந்த மலையில் என்ன ஆவார்கள் என்பது கட்டின்மேல் இருந்தவர்களுக்குத் தெரியும். நிரஞ்சலாவுக்கும் தெரியும்.

அப்போது தூறல் விழுந்தது. முற்றத்தின் ஓரத்தில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

குசினிக்குள்ளிருந்து, நிரஞ்சலாவின் தாய் கருப்பம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தாமலே கேட்டாள்: “யாரது? எந்த லயம்?”

“கீழ் லயமுங்க. தூறுதேன்னு மகனுக்குக் கொடை கொண்டாந்தேன்.”

“அப்ப அங்கயே நில்லு.”

துருவும் ஓசை தொடர்ந்தது. அறையில் ஒருவர் முகமும் மாறவில்லை. வாசலில் வந்தவரை விசாரிப்பது வழக்கம்தானே.

நிரஞ்சலாவின் காது மட்டும் அந்த ‘அப்ப’வில் சிக்கிக்கொண்டது. ஒரு கூற்றையும் அதன் முடிவையும் எந்தச் சொல் பிணைக்கிறது என்று கவனிக்க மூன்று ஆண்டுகள் பயின்றவள் அவள். இத்தனை காலமும் இந்தக் கேள்வி இந்த வாசலில் கேட்கப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ‘மேல் லயம்’ என்ற பதிலுக்குப் பின் ‘அப்ப உள்ள வா’ என்று அவளே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

“சேர், மறுப்பு இருக்கு” என்றாள்.

“என்ன புள்ள?” வீரய்யா திரும்பினார்.

“நான் பேசினது தப்பு சேர். எங்க தோட்டத்துல ‘என்ன சாதி’ன்னு யாரும் கேக்க மாட்டாங்க. ‘எந்த லயம்’னு கேப்பாங்க. அம்மா இப்பதான் கேட்டுச்சு. பதில் வந்ததும் ‘அப்ப அங்கயே நில்லு’ன்னிச்சு. நீங்களும் கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க?”

துருவும் ஓசை நின்றது.

“வெலாசம் கேட்டா சாதியா? நாலு எழுத்துப் படிச்சா இப்பிடித்தான் கொழுப்பு ஏறும்!” வீரய்யா குசினிப் பக்கம் கையை நீட்டினார். “போ உள்ள!”

இரகுநாதன் கையை உயர்த்தினார். அவருடைய குரலில் கனிவு இருந்தது. “பிள்ளை, ஒரு பக்கத்துக்காகப் பேசின ஆள் மற்றப் பக்கத்துக்காக மறுக்கேலாது. உமக்குத் தெரியாததே? கமிட்டி உம்மடை பேச்சைத்தானே சான்றாத் தந்திருக்கு. முறை எண்டு ஒண்டு இருக்கு.”

“தெரியும் சேர்.”

அவள் வாசலைத் தாண்டினாள். செருப்பைத் தேடவில்லை. முற்றத்துச் சேற்றில் நடந்துபோய், குடையின் கீழ் நின்ற தாய்க்கும் மகனுக்கும் பக்கத்தில் நின்றாள். தயாபரன் மெல்ல, “வேணாம் நிரஞ்சலா, திரும்பிப் போயிரு. ஒனக்கு வெளங்கல” என்றான்.

“அன்னிக்கு மேடையில நீ ஏன் பேசாம நின்னன்னு இப்ப வெளங்குது. வெளங்கலன்னா சொல்ற?” என்றாள், அவனைப் பார்க்காமலே.

கட்டின்மேல் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

இரகுநாதன் பேனாவை எடுத்தார். முறை என்றால் எல்லோருக்கும் முறைதான். எதிர்த்தரப்பில் ஒருவர் கூடினால் அவரையும் குறித்துக்கொள்ள வேண்டும். “சரி, பெயர் தெரியும்” என்றார். பிறகு, மிக இயல்பாக, வாசலைப் பார்த்துக் கேட்டார்: “எந்த லயம்?”

அறைக்குள் கருப்பம்மா கதவருகே வந்து நின்றாள். கையில் ஈரத் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது.

“கீழ் லயம், சேர்” என்றாள் நிரஞ்சலா. “அப்ப?”