கடலில் ஏது ஏற்றம்?

புகை கக்கும் வண்டி எது கராஜுக்கு வந்தாலும் மெக்கானிக் பஸீர் முதலில் அதன் பானட்டைத் திறக்கமாட்டார். டிரைவரின் வாயைத்தான் திறப்பார். எந்த ஏற்றத்தில் புகைந்தது? எவ்வளவு லோடு? எந்தக் கியர்? இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறும் வளைவுகளெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எந்த வளைவில் மூச்சு வாங்கியது என்று சொன்னால் போதும், பாதி நோய் பிடிபட்டுவிடும். பொய் சொல்லும் டிரைவர்கள் பாடுதான் திண்டாட்டம். களவாக ஏற்றிய மூட்டைகளையும் சேர்த்துக் கக்க வைத்துவிடுவார்.

அன்று காலை அப்படி மாட்டிக்கொண்டு நின்றவர் லோரன்ஸ், தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டுபவர். விசாரணை நடந்துகொண்டிருந்தபோது பின்வீட்டிலிருந்து பஸ்லா முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் ஓடி வந்தாள். பஸீருடைய தம்பி இன்ஷாபின் மனைவி. கையில் போன். அதை மச்சான் பஸீரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“நானா, நான்தான். வச்சிராதீங்க,” என்று அண்ணனைக் கெஞ்சியது இன்ஷாபின் குரல்.

வேறு நேரமென்றால் போனை வைத்துவிட்டிருப்பார். தம்பி கராஜை விட்டுத் திருகோணமலைக்குப் போய்ப் படகில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவனோடு பேச்சுவார்த்தை கிடையாது. நல்ல இரும்பை உப்புத் தண்ணீரில் ஊறப் போடுகிறவனோடு எனக்கு என்ன பேச்சு என்பது அவர் கட்சி. வீம்பென்றால் அப்படியொரு வீம்பு. ஆனால் பஸ்லாவின் முகம் இருந்த இருப்பில் வீம்பு பிடிக்க முடியவில்லை. ஸ்பீக்கரைப் போடச் சொன்னார்.

இன்ஷாப் மூச்சு விடாமல் சொல்லி முடித்தான். ஒல்லாந்துக் கிழவர் ஒருவரின் பாய்ப்படகு. படகில் அவரும் இவனும் மட்டும். காற்று அடியோடு விழுந்துவிட்டது. பாய்கள் நனைந்த படங்குத் துணியாகத் தொங்குகின்றன. டீசல் இஞ்சின் இழுக்கவில்லை, குபுகுபுவென்று புகைகிறது. அலை படகைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாறைப் பக்கம் தள்ளுகிறது. நங்கூரம் போட்டார்கள், கீழே வழுக்குப் பாறை, பிடிக்கவில்லை. உதவிக்கு ஒரு படகு புறப்பட்டிருக்கிறது, ஆனால் அது வருவதற்குள் இவர்கள் பாறையில் இருப்பார்கள்.

பயத்தை மறைக்கப் பஸீருக்குத் தெரிந்த ஒரே வழி அதட்டல்.

“புகை என்ன நிறம்? ஒழுங்காப் பாத்துச் சொல்லு.”

கறுப்பு. நீலம் துளியும் இல்லை, ஆகவே ஒயில் எரியவில்லை. வெள்ளையும் இல்லை, ஆகவே உள்ளே தண்ணீர் போகவில்லை. கறுப்பென்றால் டீசலுக்குத் தக்க காற்று இல்லை. எயார் ஃபில்டரைக் கழற்றி எறி என்றார். கழற்றினான். புகை அப்படியே. டீசல் ஃபில்டரின் கிண்ணத்தைப் பார்க்கச் சொன்னார். சுத்தமாக இருந்தது. புகைக் குழாய் அடைத்திருக்குமோ? படகு இஞ்சினில் கடல் தண்ணீரும் புகையும் ஒரே குழாயால்தான் வெளியேறும், தண்ணீர் வருகிறதா என்று கேட்டார். தாராளமாகத் துப்புகிறது என்றான். அடைப்பும் இல்லை.

பஸீர் கராஜுக்குள் அங்குமிங்கும் நடந்தார். ஒரு ஸ்பேனரை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். லொறியாக இருந்தால் காதை வைத்துக் கேட்கலாம், கையை வைத்துச் சூடு பார்க்கலாம். கண்ணில்லாமல் வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது. பம்ப்பாக இருக்குமோ, இன்ஜெக்டராக இருக்குமோ? அதைக் கழற்றி மாட்ட அவனுக்கு நேரம் ஏது? போனில் பாறை மேல் அலை அடிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. பஸ்லாவுக்கும் அது கேட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

லோரன்ஸ் இவ்வளவு நேரமும் தன் லொறியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்.

“நானா, கோவிச்சுக்காதீங்க,” என்றார் மெதுவாக. “எங்களைப் புடிச்சா எந்த ஏத்தம், எவ்வளவு லோடுன்னு உசிரை வாங்குறீங்க. தம்பிகிட்ட அதைக் கேக்கவே இல்லையே?”

“கடல்ல ஏதுய்யா ஏத்தம்?” என்று பஸீர் சீறினார்.

சீறிய வாய் அப்படியே நின்றுவிட்டது. ஏற்றம் இல்லாத இடத்தில் வண்டி ஏன் ஏற்றம் ஏறுகிற மாதிரிப் புகைய வேண்டும்? இத்தனை வருடம் மலையிலேயே கிடந்ததில், மேடு கண்ணில் பட்டால்தான் பாரம் என்று நினைத்துவிட்டார். எந்த டிரைவரிடமும் முதலில் கேட்கும் கேள்வியைச் சொந்தத் தம்பியிடம் கேட்கவில்லை. தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

“இன்ஷாப், கியரை நியூட்ரல்ல போட்டுட்டு ரேஸ் பண்ணு.”

இஞ்சின் கணீரென்று எகிறியது. புகை இல்லை என்று தம்பி கத்தினான். கியரைப் போடச் சொன்னார். சத்தம் அமுங்கி, முக்கி, திணறியது. மறுபடியும் கறுப்பு.

இஞ்சினில் ஒன்றுமில்லை. படகு எதையோ இழுத்துக்கொண்டு நிற்கிறது. வழியில் எதன் மீதாவது ஏறினீர்களா என்று கேட்டார். விடிந்ததும் மிதப்புக் கட்டைகள் சிலவற்றைத் தாண்டி வந்தோம், மீன் வலையாக இருக்கலாம் என்றான் தம்பி. வலை புரொப்பெலரில் சுற்றியிருக்கிறது. அதுதான் அந்த ஏற்றம்.

நோய் பிடிபட்ட சந்தோஷம் ஒரு நொடிகூட நிலைக்கவில்லை. வலையை அறுக்க யாராவது படகுக்கு அடியில் போக வேண்டும். கிழவருக்கு எழுபது தாண்டிவிட்டது. மிச்சம் இருப்பவன் இவன்தான். சுதுகங்கையின் இடுப்பளவுத் தண்ணீரில் நீச்சல் பழகிய மாத்தளைப் பிள்ளை.

“நான் எறங்குறேன் நானா,” என்று அவனே சொன்னான்.

வேண்டாம், இன்ஜெக்டராகத்தான் இருக்கும், கழற்றிப் பார்ப்போம் என்று ஒரு பொய்யைச் சொல்லப் பஸீரின் நாக்குத் துடித்தது. சொல்லியிருந்தால் தம்பி நம்பியிருப்பான், படகோடு சேர்ந்து பாறையிலும் மோதியிருப்பான். அவர் பொய்யை விழுங்கினார்.

“இஞ்சினை நிப்பாட்டு. சாவி எத்தனை?”

“ஒண்டுதான்.”

“கராஜ்ல வண்டிக்கு அடியில போறவன் என்ன செய்வான்?”

“சாவியத் தன்ட இடுப்புல கட்டிக்கிட்டுப் போவான்.”

“கட்டிக்க. கிழவர்ட கையிலயும் குடுக்காத, நீ கீழ இருக்கக்குள்ள ஸ்டார்ட் பண்ணிருவாரு. இடுப்புல ஒரு கயிறும் கட்டி அவரைப் பிடிக்கச் சொல்லு. பிஸ்மி சொல்லிட்டு எறங்கு.” குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டுவிட்டார். “வாப்பா மவுத்தானதுக்குப் பொறகு எனக்கு நீதான்டா.”

போன் கிழவரின் கைக்குப் போனது. அவருக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. பஸீரிடம் இருந்த இங்கிலீஷோ பார்ட்ஸ் பெயர்களோடு சரி.

“டவுன்,” என்றார் கிழவர்.

“ஓகே?” என்றார் பஸீர்.

“டவுன்.”

இன்ஷாப் ஒரு தடவை மேலே வந்தான், மூச்சு வாங்கினான், திரும்பவும் போனான். கிழவர் “அப்” என்று சொன்னதையும் பிறகு “டவுன்” என்று சொன்னதையும் வைத்துத்தான் இவர்கள் அதைத் தெரிந்துகொண்டார்கள். பாறைச் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. லோரன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டார். பஸ்லாவின் உதடுகள் ஓயாமல் துஆ ஓதின. பஸீர் ஸ்பேனரை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கை வலித்தது.

திடீரென்று கிழவர் ஏதோ கத்தினார். போன் பலகையில் விழுந்து உருண்டது. அதன் பிறகு அலையின் இரைச்சல் மட்டும்தான். பஸீர் ஹலோ, ஹலோ என்றார். பதில் இல்லை. தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதற்கும் பதில் இல்லை. பஸ்லா லொறிச் சக்கரத்தைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது ஸ்டார்ட்டர் கறகறவென்று சுற்றியது. இஞ்சின் பிடித்தது. கியர் விழுந்தது. சத்தம் அமுங்கவில்லை, திணறவில்லை. பாரம் கழிந்த லொறியைப் போல இழுத்துக்கொண்டு போனது.

“இஞ்சின் ஓடுது,” பஸ்லா அழுதாள். “அவர்ட சத்தத்தைக் காணமே மச்சான். அவர் எங்க?”

பஸீர் ஸ்பேனரைக் கீழே போட்டார். கண்ணீர் வழிந்தது, கிறீஸ் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மேல வந்துட்டான் புள்ள,” என்றார். “சாவி அவன்ட இடுப்புலதான் இருந்திச்சு.”