மூக்கில்லாத ராஜாவின் படம்

கான்ஸ்டான்டிநோபிளில் ராஜா மாறினால், கோயில் சுவரில் கண்ணாடிச் சில்லுகளால் பதித்த படத்தில் தலையை மட்டும் மாற்றுவார்கள். உடம்பும் பட்டு அங்கியும் பழசுதான். இந்த முறை அந்த வேலை சில்லு பதிக்கும் லியோன்டியோஸ் தலையில் விழுந்தது.

கண், தாடியெல்லாம் பதித்தவன் மூக்கருகே வந்ததும் நின்றுவிட்டான். அங்கம் குறைந்தவர் ராஜாவாக முடியாது என்பது அந்த ஊர் வழக்கம்; அதனால் முன்பு ஒருமுறை ஆண்ட இந்தப் புது ராஜா இனி அரியணை ஏறக் கூடாதென்று எதிரிகள் அவர் மூக்கை அறுத்துத் துரத்தியிருந்தார்கள். மனிதர் அசராமல் படையோடு திரும்பி அரியணையைப் பிடித்துவிட்டார்.

"மூக்கு வெச்சா கேலி பண்றேம்பாரு. வெக்கலேன்னா குத்திக்காட்டுறேம்பாரு. ரெண்டுலயும் போறது என் மூக்குதான் சாமி!" என்று ஏணி மேலிருந்து புலம்பினான் லியோன்டியோஸ்.

"ராஜா வாசலுக்கே வந்துட்டாருய்யா!" என்று கீழிருந்து கத்தினார் பாதிரியார் புரோக்கோப்.

லியோன்டியோஸ் சட்டென்று ஒரு தொங்குவிளக்கை இழுத்து, மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் சுவரோடு ஒட்டிக் கட்டிவிட்டு இறங்கினான்.

ராஜா அண்ணாந்து பார்த்தார். இடப்பக்கம் சாய்ந்தார், வலப்பக்கம் சாய்ந்தார். பரிவாரமும் கூடவே சாய்ந்தது.

"விளக்குக்குப் பின்னால என்னடா வெச்சிருக்க?"

"நீங்க என்ன இருக்குன்னு சொல்றீங்களோ, அதுதாங்க இருக்கு மகாராஜா."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சாமி, துடைக்கிறேன்னு எவனாவது இந்த விளக்க நகத்தினா, அவன் மூக்க அறுத்து அங்க ஒட்டிருவேன்!"

பாதிரியார் அன்றே கோயில் ஏணியை ஒளித்துவைத்தார்.